வ்யாக்யான நடையும் நாவலாசிரியர் உரைநடையும்

பல ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ் நாவல்களில் ஆழ்வார் பாசுரங்கள் எடுத்தாளப்பெற்றுள்ள இடங்களைத் தொகுத்து அடியேன் ஒரு பட்டியல் எழுதினேன். எந்த நாவலில், எந்த அத்தியாயத்தில், எந்தப் பாத்திரத்தின் வாயில், எந்த ஆழ்வாருடைய பாசுரம் வருகிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. அருளிச்செயல் தற்கால இலக்கியத்தில் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பதற்கு அது சான்றாகும் என்று எண்ணினேன். ஈடு காலக்ஷேபத்தில் உடனிருந்து கேட்டுவந்த முதியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பாசுரம் வருகிற இடங்களை எல்லாம் எண்ணியிருக்கிறீர். பாசுரம் முடிந்தபிறகு வருகிற வாக்யத்தைப் பார்த்தீரோ?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. பட்டியலும் அச்சேறவில்லை. அக்கேள்விக்கு இப்போது விடை தேடிப் பார்க்கிறேன்.

அவர் கேட்டதன் கருத்து இதுவே. ஒரு வேதநூல் நாவலாசிரியரிடம் இரண்டு வழிகளில் வந்து சேரலாம். ஒன்று, பொருளாகவும் மேற்கோளாகவும் வருவது. நாவலின் தலைப்பு, பாத்திரத்தின் பெயர், இடையில் பாடப்படும் பாசுரம், கதையின் கரு ஆகியவை இவ்வகை. மற்றொன்று, நடையாக வருவது. வாக்யம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, யாரை நோக்கிப் பேசுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவை இவ்வகை. முன்னதைக் கண்ணால் காணலாம். ஆகவே எண்ணவும் எண்ணலாம். பின்னதைச் செவியால்தான் அறியவேண்டும். நாவலாசிரியரின் உரைநடையில் வேதநூலின் செல்வாக்கு என்று சொல்லத்தக்கது பின்னதே என்பதும், நம் ஸம்ப்ரதாயத்தில் அதைத் தரவல்லது மூலப் பாசுரத்தினும் அதன் வ்யாக்யானமே என்பதும் அடியேனுடைய துணிபு.

ஆங்கில நாவல்கள் காட்டும் வேறுபாடு

இவ்விரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுவது ஆங்கில இலக்கியத்தில். முதலில் அதைக் கண்டுகொண்டு பிறகு நம் நூல்களுக்கு வருவது நலம்.

ஜேம்ஸ் மன்னரின் ஆணையால் 47 அறிஞர்கள் ஆறு குழுக்களாக இருந்து செய்த விவிலிய மொழிபெயர்ப்பு 1611இல் வெளிவந்தது. அதற்கு 85 ஆண்டுகளுக்கு முன்பே, 1526இல், புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டவர் வில்லியம் டிண்டேல். ஏர் பிடிப்பவனுக்கும் விளங்கவேண்டும் என்பது அவருடைய நோக்கம்; ஆகவே எளிய வீட்டுச் சொற்களையே கையாண்டார். 1536இல் அவர் கொல்லப்பட்டார். ஆனால் அவருடைய சொற்களில் பெரும்பகுதி 1611ஆம் ஆண்டு நூலுக்குள் புகுந்துவிட்டது. அந்நூல் தேவாலயங்களில் உரக்க வாசிப்பதற்கென்றே அமைந்தது. எபிரேய மூலத்தில் வாக்யங்கள் நம்முடைய 'உம்' போன்ற ஓர் இடைச்சொல்லால் தொடுக்கப்பட்டு நிரையாக நிற்கும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கலப்பு வாக்யங்கள் குறைவு. மொழிபெயர்த்தவர்கள் அந்த நிரையைப் பெரிதும் காத்தார்கள். வாரந்தோறும் கேட்டவர்களின் செவியில் அது தங்கிற்று.

அதன் விளைவை இரண்டு அமெரிக்க நாவலாசிரியர்களிடம் ஒப்பிட்டுக் காணலாம். எர்னஸ்ட் ஹெமிங்வே 1926இல் வெளியிட்ட 'தி சன் ஆல்ஸோ ரைஸஸ்' என்னும் நாவலின் தலைப்பு விவிலியத்தின் பிரசங்கி ஆகமத்திலிருந்து எடுத்தது. வில்லியம் ஃபாக்னர் 1936இல் வெளியிட்ட 'அப்ஸலம், அப்ஸலம்!' என்னும் நாவலின் தலைப்பு, இறந்த மகனைப் பெயர்சொல்லித் தாவீது அரசன் அரற்றும் இடத்திலிருந்து வந்தது. இருவரும் விவிலியத்துக்குக் கடன்பட்டவர்களே. பட்டியல் எழுதுபவன் இருவரையும் ஒரே வரிசையில்தான் எழுதுவான். ஆனால் ஃபாக்னரின் வாக்யம் ஒன்றை ஒன்று விழுங்கிப் பல பக்கம் நீளும். விவிலிய வாக்யத்துக்கு நேர்மாறானது. தந்தையும் மகனும், குலமும் மண்ணும் என்னும் கதைப்பொருளே அவருக்கு விவிலியம் தந்தது. ஹெமிங்வேயின் வாக்யமோ எளிய சொற்கள், 'உம்' தொடுப்பு, விளக்கம் சொல்லாத நிறுத்தம் ஆகியவற்றால் ஆனது. தலைப்பை நீக்கிவிட்டாலும் விவிலியத்தின் நடை அதில் எஞ்சி நிற்கும். 2010இல் ராபர்ட் ஆல்ட்டர் எழுதிய 'பென் ஆஃப் அயர்ன்' என்னும் நூல், ஹெர்மன் மெல்வில் தொடங்கி அமெரிக்க நாவலாசிரியர் பலரை இந்த நோக்கில் ஆராய்கிறது.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட யாத்திரிகன் கதை விவிலிய நடையில் ஊறிய உரைநடை. அதைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. அவர் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, பின்னர்க் கிறிஸ்தவரானவர். கதையைப் பன்யனிடமிருந்து பெற்றார். நடையைக் கம்பனிடமிருந்து பெற்றார். சமயம் மாறிற்று, கொள்கை மாறிற்று, இளமையில் செவியில் விழுந்த ஓசை மாறவில்லை. நடை எவ்வழியாக ஒருவரிடம் வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

எரிக் ஆவர்பாக் 1946இல் வெளியிட்ட 'மிமேஸிஸ்' என்னும் நூலில் இன்னொன்றையும் எடுத்துக்காட்டுகிறார். ஆபிரகாம் தன் மகனைப் பலியிட அழைத்துச் செல்லும் கதையில் மூன்று நாள் பயணம் நிகழ்கிறது. தந்தையின் நெஞ்சில் என்ன ஓடிற்று என்று நூல் சொல்வதே இல்லை. சொல்லாமல் விட்ட அந்த இடம்தான் கதையின் கனத்தைத் தாங்குகிறது என்பது அவர் கண்டது. விவிலியத்தின் செவி வாய்ந்த நாவலாசிரியர்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த மௌனத்தையே. நம் வ்யாக்யானங்களின் வழி இதற்கு நேர் எதிரானது. பாசுரம் மௌனமாக விட்ட இடத்தில் வ்யாக்யாதா பேச்சைக் கேட்கிறார்.

வ்யாக்யானம் என்னும் உரைநடை

திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி ஆகியவற்றை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். இவற்றுள் ஈடு பிறந்தவிதம் நம் கேள்விக்கு முக்கியமானது. அது ஏட்டின் முன் தனியே அமர்ந்து யாத்த உரை அன்று. திருவரங்கத்தில் கோஷ்டியின் முன் ஒருவர் பேசியதை, கேட்ட ஒருவர் வீட்டுக்கு வந்து பட்டோலைப்படுத்தியது. தமிழில் ஒரு பெருநூலின் அளவுக்குப் பேச்சு அப்படியே உரைநடையாகக் கிடைத்திருப்பது அரிது. அதன் ஒவ்வொரு வரியிலும் எதிரே ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

அவர் அமர்ந்திருப்பதை மூன்று சிறு சொற்கள் காட்டிக்கொடுக்கும். முதலாவது 'இறே'. இதை 'அன்றோ' என்று பொருள்சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் கேட்பவரை உடன்படுத்திக்கொள்ளாமல் அடுத்த வாக்யத்துக்குப் போகமாட்டேன் என்பது இச்சொல்லின் திருவுள்ளம். இரண்டாவது 'என்னில்'. கேட்பவர் எழுப்பக்கூடிய ஆக்ஷேபத்தைத் தாமே எழுப்பி, அதே மூச்சில் ஸமாதானமும் அருளுவது இது. மூன்றாவது 'அன்றிக்கே'. ஒரு பொருள் சொல்லி முடித்தபின், அதை மறுக்காமலே இன்னொரு பொருளை அருகில் வைப்பதற்கு இது வாயில். பட்டர் ஒருவிதமாக நிர்வஹிப்பர், ஜீயர் வேறுவிதமாக நிர்வஹிப்பர்; இரண்டும் நிற்கும். ஒரு செயலுக்கு ஒரே காரணம்தான் இருக்கவேண்டும் என்னும் அவசரம் இந்த உரைநடைக்கு இல்லை. மனிதரின் செயல்களை எழுத முற்படும் நாவலாசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இருக்குமென்று தோன்றவில்லை.

அடுத்தது அவதாரிகை. ஆறாம்பத்தின் முதல் திருவாய்மொழியில் நாயகி பறவைகளைத் திருவண்வண்டூருக்குத் தூது விடுகிறாள். இரண்டாம் திருவாய்மொழியில், வந்து நிற்கும் கண்ணனோடு ஊடுகிறாள், போ என்கிறாள். இவ்விரண்டுக்கும் நடுவில் என்ன நிகழ்ந்தது என்று பாசுரம் சொல்லவில்லை. அவதாரிகை சொல்கிறது: தூது போனபின்னும் அவன் வரத் தாமதித்தான், அத்தாமதம் அவளுக்குக் கோபமாக விளைந்தது, அக்கோபமும் அன்பின் ஒரு வடிவே என்று. தனித்தனிப் பதிகங்களாக நின்றவை அவதாரிகையால் ஒரு நெஞ்சின் தொடர்ந்த சரித்திரமாகின்றன. பேசுபவர் எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்பதைக் காட்டாமல் பேச்சை எடுத்துக்காட்டலாகாது என்பது வ்யாக்யாதாக்களின் உறுதி.

மூன்றாவது, குரல்களின் வேறுபாடு. திருவாய்மொழியில் பெண்பேச்சாக அமைந்த பதிகங்கள் 27. அவற்றுள் மகள் பேச்சு 17, தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3. இவர்கள் வெவ்வேறு ஆட்கள் அல்லர், ஆழ்வாருடைய அறிவின் மூன்று நிலைகளே என்று அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் நிர்வஹித்தருளினார். ஸம்பந்தத்தை உணர்த்தும் நிலை தோழி. உபாயத்தில் துணிந்திருக்கும் நிலை தாய். பலத்துக்குப் பதறும் நிலை மகள். ஒரே நெஞ்சுக்குள் ஒன்றையொன்று தடுத்துப் பேசும் மூன்று குரல்கள் இருக்கலாம் என்பதை இவ்வளவு நுட்பமாக விளக்கிய உரைமரபு நம்முடையது. மேலைநாட்டு நாவல் பாத்திரத்தின் உட்பேச்சை எழுதக் கற்றதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது.

நான்காவது ஐதிஹ்யம். எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது திருப்பாவையின் 18ஆம் பாசுரத்தை அனுஸந்தித்துக்கொண்டே சென்றார். தம் ஆசார்யருடைய திருமாளிகை வாசலில் நின்றார். ஆசார்யரின் திருமகள் கதவைத் திறந்தாள், கைவளைகள் ஒலித்தன. எம்பெருமானார் மோஹித்து விழுந்தார். அவள் பதறி உள்ளே ஓடிச் சொன்னாள். ஆசார்யரோ, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அந்தப் பாசுரத்தை அனுஸந்தித்து வந்தாரோ என்றார். இவ்வளவே ஐதிஹ்யம். வீதியின் வருணனை இல்லை. பெண்ணின் அழகு பேசப்படவில்லை. புருஷகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு கதவு, வளையோசை, ஒரு கேள்வி. கேட்பவரிடம் பாசுரம் இருந்தால் கதை முழுமை பெறும், இல்லையேல் பெறாது. சிறுகதை என்று நாம் பின்னாளில் பெயரிட்ட வடிவத்தின் சிக்கனம் முழுவதும் இதில் உண்டு.

அச்சில் பிரிந்ததும் செவியில் தங்கியதும்

இத்தகைய உரைநடை கையில் இருக்க, தமிழ் நாவல் அதிலிருந்து பிறக்கவில்லை. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898இல் வந்தது. இம்மூவரும் வடிவத்துக்கு ஆங்கில நாவல்களை நோக்கியவர்கள். அதே காலத்தில் வ்யாக்யானங்களும் அச்சேறிக்கொண்டிருந்தன. ஆனால் அப்பதிப்புகளில் பல தெலுங்கு லிபியிலும் க்ரந்த லிபியிலும் இருந்தன. தமிழ் எழுத்து மட்டும் அறிந்தவருக்கு அவை மூடிய கதவு. திறந்து பார்த்தவர்களும் மணிப்ரவாளத்தைக் கண்டு திகைத்தார்கள். பின்பு வந்த தனித்தமிழ் உணர்ச்சி அத்திகைப்பைக் கொள்கையாகவே ஆக்கிவிட்டது. வடசொல் மிகுதி என்னும் ஒரே காரணத்தால், பேச்சின் உயிரோட்டம் மிக்க ஓர் உரைநடை இலக்கிய வரலாறுகளில் மூலையில் நின்றது.

இங்கே ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டைத் தமிழாக்கிச் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக அளித்தார். வடசொற்களுக்குத் தமிழ்ச்சொற்கள் வந்தன; 'இறே' இருந்த இடத்தில் 'அன்றோ' வந்து அமர்ந்தது. மணிப்ரவாளச் சுவை குறைந்ததென்று வருந்தியவர்கள் உண்டு. ஆயினும் அந்நூலை உரக்கப் படித்துப் பார்ப்பவர் ஒன்றை உணர்வர்: சொற்கள் மாறியபின்னும் எதிரே அமர்ந்திருப்பவர் எழுந்து போகவில்லை. கேள்வி எழுகிறது, விடை வருகிறது, இன்னொரு பொருள் அருகில் நிற்கிறது. ஆகவே வ்யாக்யானத்தின் நடை அதன் சொற்றொகுதியில் இல்லை. மணிப்ரவாளச் சொல் ஒன்றையும் ஆளாத நாவலாசிரியரிடமும் ஈட்டின் நடை இருக்கலாம். மணிப்ரவாளச் சொற்களை வாரி இறைப்பவரிடம் அது இல்லாமலும் போகலாம்.

அச்சு வழியாக வராத இந்த நடை வேறு வழியாக வந்தது. காலக்ஷேப கோஷ்டியிலும், திண்ணையிலும், திருமடைப்பள்ளி வாசலிலும், பாட்டியர் பேச்சிலும் அது புழங்கிற்று. ஏட்டைத் தொடாதவர்களும் 'என்னில்' என்னும் சொல்லைப் பயன்படுத்தாமலே அதன் முறையில் பேசினார்கள். இத்தகைய வீடுகளில் வளர்ந்த எழுத்தாளர்களுக்கு இது தாய்ப்பாலோடு கிடைத்தது.

மூன்று நாவலாசிரியர்கள்

இனி அம்முதியவரின் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஆழ்வார்க்கடியான் நம்பியை அறியாத தமிழ் வாசகர் இல்லை. நாதமுனிகள் அவதரித்த வீரநாராயணபுரத்துக் கோயிலில் அவன் பாசுரம் பாடும் காட்சி, நம் பட்டியல்களில் எப்போதும் முதலிடம் பெறுவது. ஆழ்வார்களின் பெயரைப் பல்லாயிரம் வீடுகளுக்குக் கொண்டுசென்ற கைங்கர்யம் அந்நாவலுடையது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் பாசுரம் முடிந்தபிறகு வரும் வாக்யத்தைப் பாருங்கள். அது பாசுரத்துக்கு முன்பிருந்த வாக்யத்தைப் போன்றதே. வாசகரைக் கற்பனைப் படகில் ஏற்றிக்கொண்டு விரைந்து செல்லும் கதைசொல்லியின் நடை, பாசுரத்தைக் கேட்டபின்னும் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையும் அந்நாவலுக்கு இல்லை. பாசுரம் அங்கே பாத்திரத்துக்கு அணி. உரைநடைக்கு உயிர் அன்று. என் பழைய பட்டியலில் மிகுதியான இடங்களைப் பெற்ற நாவல் இதுவே என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

சுஜாதா (1935–2008) திருவரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். ஆழ்வார்களை எளிமையாக அறிமுகப்படுத்தித் தனி நூலும் எழுதியவர். அவருடைய துப்பறியும் நாவல்களிலும் விஞ்ஞான நாவல்களிலும் உள்ள வெட்டு வாக்யங்களை ஆங்கில இதழ் நடைக்கு உரியவை என்று சொல்லிவிடலாம். 'ஸ்ரீரங்கத்து தேவதைக'ளில் அவ்விளக்கம் போதவில்லை. அவை நாவல் அல்ல, தொடர்புடைய கதைகளே. ஆனாலும் நாவலாசிரியர் ஒருவரின் நடை எங்கே வேர்விட்டது என்பதை அவை காட்டுகின்றன. ஊரறிந்த ஒருவர்; அவருக்கு ஒரு பட்டப்பெயர் அல்லது ஒரு வழக்கம்; அவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி; யாரோ சொன்ன ஒரு சொல்; அத்தோடு கதை நின்றுவிடும். சொன்னவர் அதற்கு விளக்கவுரை எழுதுவதில்லை. வாசகரும் அதே வீதியில் வாழ்ந்தவர் என்று நம்பியே அக்கதைகள் பேசுகின்றன. இது ஐதிஹ்யத்தின் நடை. கோயிலும் உத்ஸவமும் சூழலாக வருவதால் மட்டும் இதை நான் சொல்லவில்லை. அவற்றை நீக்கிப் படித்தாலும் அந்த நிறுத்தம் எஞ்சுகிறது.

இந்திரா பார்த்தசாரதி வைணவத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அவருடைய 'இராமாநுசர்' நாடகத்துக்கு 1999ஆம் ஆண்டுக்கான ஸரஸ்வதி ஸம்மான் கிடைத்தது. பட்டியல் எழுதுபவர் அந்நாடகத்தோடு நின்றுவிடுவார். நடையைத் தேடுபவர் 'கிருஷ்ணா கிருஷ்ணா' என்னும் நாவலைப் படிக்கவேண்டும். நாரதர் இக்காலப் பேச்சில் கண்ணன் கதையைச் சொல்வதாக அமைந்தது அது. கண்ணனை மனிதரிடையே மனிதனாக நிறுத்திப் பேசும் அதன் துணிச்சல் நம்மில் சிலருக்கு உறுத்தலாம். அடியேனுக்கும் சில இடங்களில் உறுத்திற்று. ஆனால் அதன் வாக்யங்கள் கேட்பவரை விட்டு விலகுவதே இல்லை. வாசகர் கேட்கப்போகும் கேள்வியை நாரதரே கேட்டுக்கொள்கிறார். ஒரு லீலைக்கு ஒரு காரணம் சொல்லி, அதை அழிக்காமல் வேறொன்றையும் அருகில் வைக்கிறார். பாசுரம் எண்ணுபவருக்கு அதிகம் கிடைக்காத இந்நாவலில் 'என்னில்', 'அன்றிக்கே' இரண்டின் முறையும் உயிரோடு இருக்கிறது. கருத்தில் நம்மோடு முரண்படும் ஒரு நூல், நடையில் நம் பூர்வாசார்யர்களுக்கு நெருங்கியதாக இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்வதற்கு எனக்குச் சில காலம் பிடித்தது.

அதே ஆசிரியரின் 'குருதிப்புனல்' 1977இல் ஸாஹித்ய அகாதெமி விருது பெற்றது. 1968இல் நிகழ்ந்த கீழ்வெண்மணிக் கொடுமையைக் கருவாகக் கொண்டது. தில்லியிலிருந்து வரும் கோபாலும் சிவாவும் செய்யும் உரையாடல்களில் ஒரு பொருள் பல பக்கங்களிலிருந்து பார்க்கப்படுகிறது. ஆனால் நிலக்கிழாரின் குரூரத்துக்கு அவனுடைய ஆண்மைக்குறையைக் காரணமாக ஊன்றும்போது நாவல் குறுகிவிடுகிறது. இடதுசாரி விமர்சகர்கள் இதை வர்க்க நோக்கில் கண்டித்தார்கள். நடை நோக்கிலும் குறை அதுவே: ஒரு காரணத்தைச் சொன்னபின் 'அன்றிக்கே' என்று தொடரவேண்டிய இடத்தில் ஆசிரியர் நிறுத்திவிட்டார். அவருடைய சிறந்த பக்கங்களின் அளவுகோலையே கொண்டு இதைச் சொல்கிறேன்.

தமிழுக்கு வெளியேயும் ஒருவரைக் குறிப்பிடவேண்டும். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜா ராவ் 1938இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'காந்தபுரா'வில், அச்சக்கா என்னும் முதிய விதவை ஊர்க்கதையைச் சொல்கிறாள். இடைவிடாமல் பேசிச்செல்லும் புராண மரபே நம் மக்களின் கதை மரபு என்று முன்னுரையில் ஆசிரியரே உரைக்கிறார். ஹரிகதை செய்பவர் ஒருவர் காந்தியடிகளின் வரலாற்றை அவதாரக் கதைபோலச் சொல்வதும் அந்நாவலில் உண்டு. வேற்றுமொழியில் எழுதியபோதும் செவியில் இருந்த நடை வந்து சேர்ந்தது. ஸ்தலபுராணம் சொல்லும் பாட்டியின் குரலை ஆங்கில வாக்யத்துக்குள் கொண்டுவரலாம் என்றால், ஈட்டின் குரலைத் தமிழ் வாக்யத்துக்குள் கொண்டுவருவது இயலாததன்று.

ஓர் ஆக்ஷேபமும் நம் கடமையும்

'உரையாடல் எல்லா நல்ல நாவலிலும் உண்டு. கேள்வி எழுப்பி விடை சொல்வது எந்த மொழியிலும் உண்டு. இவற்றை ஈட்டின் செல்வாக்கு என்பது வலிந்துரை அன்றோ?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இன்ன வாக்யம் ஈட்டின் இன்ன பத்தியிலிருந்து வந்தது என்று நிறுவ இயலாது; நடை அப்படி வருவதும் இல்லை. மேற்கோளை நிறுவலாம், நடையைக் கேட்டுத் தேறத்தான் வேண்டும். ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. கேள்வி விடைகளை வாதத்துக்காகப் பயன்படுத்தும் உரைநடை வேறு. கேட்பவரின் அன்பை வளர்ப்பதற்காகப் பயன்படுத்தும் உரைநடை வேறு. முன்னதில் விடை வந்ததும் கேள்வி செத்துப்போகும். ஈட்டில் விடை வந்தபின்னும் கேள்வி நின்று ரஸம் தரும். கன்று ஈன்ற பசு அதன் மேலுள்ள அழுக்கையே போக்யமாகக் கொண்டு நக்குவதுபோல், வ்யாக்யாதா ஐயத்தையே அனுபவிக்கிறார். இந்தக் குணம் ஒரு நாவலில் தென்படுமாகில், அதை எழுதியவர் வளர்ந்த வீட்டில் யாரோ வ்யாக்யானம் கேட்டவர் இருந்தார் என்று எண்ணுவது மிகையாகாது.

இதில் நமக்கு உள்ள கவலை இலக்கிய வரலாற்றைப் பற்றியது மட்டும் அன்று. இன்று வ்யாக்யானங்கள் தமிழ் லிபியில் கிடைக்கின்றன. முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு எளிய உரைகளும் சுருக்கங்களும் வருகின்றன. இவை வேண்டியவையே. ஆனால் சுருக்கம் செய்பவர் முதலில் நீக்குவது எதை? 'இறே'யை நீக்குகிறார், 'என்னில்' எழுப்பிய கேள்வியை நீக்கி விடையை மட்டும் வைக்கிறார், 'அன்றிக்கே' சொன்ன இரண்டாம் பொருளை இடமில்லையென்று விடுகிறார், ஐதிஹ்யத்தின் கடைசியில் அது உணர்த்தும் பாடத்தை எழுதிச் சேர்க்கிறார். எஞ்சுவது கருத்து. கேட்பவர் எழுந்து போய்விடுகிறார். அந்தக் கருத்தைப் படித்து வளரும் பிள்ளை நாளை எழுத்தாளராகலாம். அவருடைய நாவலில் பாசுர மேற்கோள் நிறைய இருக்கலாம். பாசுரம் முடிந்தபின் வரும் வாக்யம் பள்ளிக்கூடப் பாடநூல் வாக்யமாக இருக்கும். நம்மைப் போன்றோர் எழுதும் கட்டுரைகளும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன, இக்கட்டுரையும் விலக்கன்று.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. காலக்ஷேபத்தில் ஸாரம் சொல்வதற்கு முன் வ்யாக்யான வாக்யங்களை முழுமையாக உரக்க ஸேவிக்கலாம். சுருக்கப் பதிப்பு வெளியிடுவோர், பதிகத்துக்கு ஒரு பாசுரத்துக்காவது ஈட்டைச் சுருக்காமல் தரலாம். பிள்ளைகளுக்கு ஐதிஹ்யம் சொல்லும்போது பாடத்தைச் சொல்லாமல் ஆசார்யரின் கேள்வியோடு நிறுத்திப் பார்க்கலாம்; அவர்கள் திரும்பிக் கேட்பார்கள். நாவல் எழுதுவோருக்கு நாம் கட்டளையிட முடியாது. அவர்கள் காதில் விழும்படி நாம் படித்துக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பட்டியல் இன்னும் அடியேனிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாசுரத்துக்கும் எதிரே, அது முடிந்தபின் வரும் வாக்யத்தை இப்போது எழுதிவருகிறேன். பல இடங்களில் எழுதத்தக்கதாக ஒன்றும் இல்லை. சில இடங்களில் இருக்கிறது. அவற்றைப் பிறிதொரு சமயம் இவ்விதழின் வாசகர்கள் முன் வைக்க எண்ணம். கேள்வியைக் கேட்ட அப்பெரியவர் இன்று திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். விடையில் குறையுளதாகில் அவரைப் போன்ற பெரியோர் பொறுத்தருளித் திருத்துவாராக.